புது வெர்ஷன் போட்ட ராத்திரிகள்

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலை நேரத்தில் திறக்காதீர்கள். ராத்திரி சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

செப்டம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் நவராத்திரி தொடக்கம் என்பதால் பரணிலிருந்து பொம்மைப் பெட்டியை இறக்கி, பழைய செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். ராத்திரி 10 மணி சுமாருக்கு என் பழைய மாணவன் ஒருவனிடமிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. கடலூர் சிப்காட்டில் ஒரு சிறிய ரசாயன யூனிட்டில் கணக்குப் பிரிவுக்கு இன்று அவன்தான் பொறுப்பு.

"டீச்சர், ஆபீஸ்லதான் இருக்கேன். 12 மணிக்குப் புது ரேட் வருது. அதோட சேர்த்துப் புது வெர்ஷனும் போட்டுடச் சொல்லிட்டாங்க. சார்கிட்ட சொல்லுங்க, மூணு பேக்கப் எடுத்துட்டேன்."

சார் என்றது என் வீட்டுக்காரரை. புது ரேட் என்றது, செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. விகிதங்களைக் குறைத்து, பெரும்பாலான பொருள்களை 5, 18 என்று இரண்டே படிகளுக்குள் கொண்டுவந்ததை. சோப்பும் ஷாம்பூவும் விலை குறைந்ததைத்தான் நீங்கள் எல்லாம் பேசினீர்கள். சிப்காட் பக்கம் வேறு பேச்சு. கந்தக அமிலம், நைட்ரிக் அமிலம், அம்மோனியா மூன்றும் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு வந்தன. ராத்திரி 11:59க்குப் போடும் பில்லுக்கு ஒரு கணக்கு, 12:01க்குப் போடும் பில்லுக்கு வேறு கணக்கு.

மூன்று பேக்கப் எதற்கு என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. ஆனால் ஆசிரியை அல்லவா, ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் எனக்குத் திருப்தி.

நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து, ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். வீட்டுக்காரர் 1986 முதல் 2013 வரை அதே யூனிட்டில் கணக்கு எழுதியவர். அஞ்சல் வழியில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பி.காம். முடித்தவர். ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குச் சிதம்பரம் போய்விட்டு, ராத்திரி பஸ்ஸில் பேரேட்டுப் பாடத்தை முணுமுணுத்துக்கொண்டே வருவார். தமிழ்ப் பாடப் புத்தகத்தில் 'இருப்பு கீ/கொ', 'இருப்பு கீ/இ' என்று வரும். ஒரு காலத்தின் மீதி அடுத்த காலத்தின் தொடக்கத்துக்குக் கொண்டுபோகப்படுகிறது. புது வெர்ஷன் போடுவது என்றால் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: பழைய ஏட்டின் மீதியை ஒரு பைசா சிந்தாமல் தூக்கிக்கொண்டுபோய்ப் புது ஏட்டில் இறக்குவது. மென்பொருளை எழுதியவரின் பெயர் பத்திரிகையில் வரும். சட்டம் போட்டவரின் படமும் வரும். தூக்கிக்கொண்டு போகிற குமாஸ்தா மட்டும் எங்கேயும் வரமாட்டார். அதனால்தான் எழுதுகிறேன்.

கம்ப்யூட்டருக்கு முன்பே இந்த வேலை இருந்தது. என் அப்பா நெல்லிக்குப்பத்தில் மளிகைக் கடை வைத்திருந்தார். 1957 ஏப்ரல் 1 அன்று நாட்டின் காசுக் கணக்கே மாறியது. அதுவரை ஒரு ரூபாய்க்கு 16 அணா, 192 தம்பிடி. அன்றிலிருந்து ஒரு ரூபாய்க்கு 100 நயா பைசா. நான் அப்போது பிறக்கவில்லை. ஆனால் அப்பா சாகும்வரை அந்த மாற்றத்தைப் பற்றிப் பேசியதைக் கேட்டிருக்கிறேன். கடன் நோட்டில் இருந்த ஒவ்வொருவரின் பாக்கியையும் அவர் மாற்றி எழுத வேண்டியிருந்தது. ஓர் அணா என்பது சரியாக 6.25 நயா பைசா. கால் பைசாவுக்கு நாணயம் ஏது? அதனால் ஓர் அணாவுக்கு 6, இரண்டு அணாவுக்கு 12, மூன்று அணாவுக்கு 19, நான்கு அணாவுக்கு 25 என்று அரசாங்கம் அட்டவணை கொடுத்தது. "ஒவ்வொரு அணாவா வாங்கினா 18, மொத்தமா மூணு அணாவா வாங்கினா 19. என்னய்யா கணக்கு இது?" என்று வாடிக்கையாளர்கள் அப்பாவோடு சண்டை போட்டார்களாம். பழைய காசும் புதுக் காசும் சில வருஷம் சேர்ந்தே புழங்கின. ஒரே கல்லாப்பெட்டியில் இரண்டு கணக்கு.

அதற்கும் முன்னால் போனால் நம் தேவனாம்பட்டினத்துக் கோட்டைதான். 1690இல் மராட்டியர்களிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கியது, செயின்ட் டேவிட் கோட்டை. 1746இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்ததும், 1752 வரை கம்பெனியின் தலைமையிடம் நம் கடலூர்தான். சென்னையிலிருந்து தப்பி இங்கே ஓடிவந்தவர்களில் ராபர்ட் கிளைவ் ஒருவர். கிளைவ் என்றதும் துப்பாக்கியோடு ஒரு படம் உங்களுக்கு நினைவு வரும். அவர் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த வேலை 'ரைட்டர்', அதாவது கடைநிலைக் கணக்கு எழுத்தர். போலீஸ் ஸ்டேஷனில் இன்றும் நாம் சொல்கிற அதே ரைட்டர்தான். ஏப்ரலில் கணக்கு ஆண்டைத் தொடங்கும் வழக்கமும் அவர்கள் விட்டுப்போனதே. முன்பு மே 1 என்று இருந்ததை 1867இல் ஏப்ரல் 1 என்று மாற்றினார்கள். இந்த ஏப்ரலை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

இனி சிப்காட். தொழில் வளர்ச்சிக்காக மாநில அரசு 1971இல் ஏற்படுத்திய நிறுவனம் அது. கடலூரில் தொழிற்பேட்டை வந்தபோது நம்முடையது தென்னார்க்காடு மாவட்டம். சிதம்பரம் சாலையில் பச்சையாங்குப்பம், குடிகாடு, ஈச்சங்காடு என்று போனால் இரண்டு பக்கமும் புகைபோக்கிகள். உப்பனாற்றையும் அந்த வாடையையும் பற்றி எழுதாமல் சிப்காட்டைப் பற்றி எழுதலாமா என்று சிலர் கேட்பீர்கள். நியாயம்தான். அது தனிப் பதிவு, இதில் கலந்தால் இரண்டும் கெடும்.

வீட்டுக்காரர் வேலைக்குச் சேர்ந்த 1986ஆம் வருஷம்தான் பட்ஜெட்டில் மாட்வாட் வந்தது. மூலப்பொருளுக்குக் கட்டிய கலால் வரியை, உற்பத்திப் பொருளுக்குக் கட்டும் வரியில் கழித்துக்கொள்ளும் ஏற்பாடு. ரசாயனத் தொழிற்சாலைக்கு இது பெரிய விஷயம். ஆனால் அதற்கான ஏடுகள் எத்தனை தெரியுமா? அன்றன்றைய உற்பத்திக்கும் இருப்புக்கும் ஆர்.ஜி.1. மூலப்பொருளுக்கு ஆர்.ஜி.23ஏ, அதிலும் பாகம் ஒன்று, பாகம் இரண்டு. ரொக்கமாகக் கட்டியதற்கு பி.எல்.ஏ. இவற்றில் ஓர் எழுத்தை மாற்றி எழுதினாலும் கலால் அதிகாரி வந்து கேள்வி கேட்பார். அழிப்பான், பிளேடு எதுவும் ஏட்டருகே வரக்கூடாது. தப்பாக எழுதினால் பழைய எண் படிக்கத் தெரியும்படி ஒற்றைக் கோடு அடித்து, மேலே சரியான எண்ணை எழுதி, பக்கத்தில் சுருக்கெழுத்துப் போட வேண்டும். கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டுப் பால் கணக்கையே அவர் அப்படித்தான் திருத்துவார். எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

அதே 1986இல் பெங்களூரில் இன்னொன்று நடந்தது. சியாம் சுந்தர் கோயங்கா என்று ஒரு வியாபாரி, ஆலைகளுக்கு மூலப்பொருளும் இயந்திர உதிரிபாகமும் சப்ளை செய்பவர். தன் கணக்கை நிர்வகிக்க அவருக்குச் சரியான மென்பொருள் கிடைக்கவில்லை. கணிதம் படித்த மகன் பரத் கோயங்காவிடம், நீயே எழுதிக்கொடு என்றார். அப்படிப் பிறந்ததுதான் இன்று நாம் டேலி என்று சொல்வது. முதலில் கம்பெனியின் பெயர் பியூட்ரானிக்ஸ். பரத் கோயங்காவுக்கு 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அக்காலக் கணக்கு மென்பொருள்களில் ஒவ்வொரு கணக்குக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணை மனப்பாடம் செய்ய வேண்டும். இதில் அது வேண்டாம். கந்தசாமி டிரேடர்ஸ் என்றால் கந்தசாமி டிரேடர்ஸ் என்றே அடிக்கலாம். பேரேடு எழுதத் தெரிந்த குமாஸ்தா பயப்படாமல் உட்கார்ந்தது அதனால்தான். 'டேலி ஆச்சா?' என்ற பேச்சு அதற்கு முன்பே நம் கடைவீதியில் இருந்தது. பெயரும் ஒட்டிக்கொண்டது.

1990களின் நடுவில் இவர்கள் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. கறுப்புத் திரை, ஃப்ளாப்பி, பிரின்டர் சொருகும் இடத்தில் மென்பொருளுக்கென்று ஒரு சின்னப் பூட்டு. பூட்டு இல்லாத காப்பியும் ஊரில் உலவியது. அதைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். கடலூரிலும் சிதம்பரத்திலும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் போர்டுகளுக்குப் பக்கத்தில் 'டேலி கற்றுத்தரப்படும்' என்று போர்டுகள் முளைத்தன. பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்த எத்தனையோ பெண்பிள்ளைகளுக்கு முதல் சம்பளம் வாங்கித் தந்தது அந்த மூன்று மாத வகுப்பு. இதைப் படிக்கும் உங்களில் சிலருக்கும்தான்.

இவர் மட்டும் இரண்டு வருஷம் கம்ப்யூட்டரிலும் எழுதி, கையாலும் எழுதினார். "ஏன் இரட்டை வேலை?" என்றால், "அதுல அழிச்சா அழிஞ்சது தெரியலையே" என்பார். கோடு இல்லாமல் திருத்த முடிகிற ஏட்டை அவருடைய மனசு ஏட்டாக ஒத்துக்கொள்ளவில்லை.

பெரிய கம்பெனிகள் வேறு வழியில் போயின. 1972இல் ஜெர்மனியில் ஐ.பி.எம்.மை விட்டு வந்த ஐந்து பொறியாளர்கள் தொடங்கிய எஸ்.ஏ.பி.தான் அவர்களுக்கு. சுவாரசியம் என்னவென்றால், அதன் முதல் வாடிக்கையாளரும் ஒரு ரசாயனக் கம்பெனியே. ஐ.சி.ஐ.யின் ஜெர்மன் கிளை, ஆஸ்ட்ரிங்கன் என்ற ஊரில் இருந்த நைலான் ஆலை. அதுவரை அட்டையில் துளைபோட்டுச் சேர்த்துவைத்து, ராத்திரி மொத்தமாக ஓட்டி, காலையில் கணக்கைப் பார்ப்பார்கள். இவர்கள் நினைத்தது, சரக்கு வந்த நிமிஷமே கணக்கில் ஏற வேண்டும் என்று. அந்த 'உடனுக்குடன்' என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்துதான் ஆர்/1, ஆர்/2, 1992இல் வந்த ஆர்/3 எல்லாவற்றிலும் இருக்கும் ஆர். 2015இல் எஸ்/4 ஹானா வந்தது. முந்தைய தலைமுறை மென்பொருளுக்கு வழக்கமான பராமரிப்பை 2027 கடைசியோடு நிறுத்தப்போவதாக அறிவித்திருப்பதால், சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கும் நம் பிள்ளைகள் சிலர் இப்போது ராப்பகலாக அந்த மாற்றும் வேலையில்தான் இருக்கிறீர்கள். பேத்தியின் காதுகுத்துக்கு வர முடியாமல் போனவரை எனக்குத் தெரியும், பெயர் சொல்லவில்லை.

காசு நிறைய இருந்தால் இந்த வேலை சுலபம் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் ஹெர்ஷி என்ற சாக்லேட் கம்பெனி 1999 ஜூலையில் ஒரே மூச்சில் புது மென்பொருளுக்கு மாறியது. அக்டோபர் கடைசியில் அவர்களுக்கு ஹாலோவீன் பண்டிகை, நமக்குத் தீபாவளிப் பட்சணம் போல அவர்களுக்கு மிட்டாய் விற்கும் காலம். சுமார் 10 கோடி டாலர் அளவுக்கான ஆர்டர்களை அனுப்ப முடியாமல் போயிற்று. சாக்லேட் இல்லாமல் இல்லை, கிடங்கில் இருந்தது. எது எங்கே இருக்கிறது என்று புதுக் கணக்குக்குத்தான் தெரியவில்லை.

நம் ஊரில் பண்டிகை இல்லை, வரிதான் தேதி குறிக்கும். 1959ஆம் வருஷத்து விற்பனை வரிச் சட்டம் போய் 'வாட்' வந்தது. பெரும்பாலான மாநிலங்கள் 2005 ஏப்ரலிலேயே மாறிவிட்டன. தமிழ்நாடு காத்திருந்து 2007 ஜனவரி 1 அன்று மாறியது. ஏப்ரலை நினைவில் வையுங்கள் என்றேனே, இதற்குத்தான். கணக்கு ஆண்டின் நடுவில் சட்டம் மாறினால் முதல் ஒன்பது மாதம் பழைய வரி, கடைசி மூன்று மாதம் புது வரி. ஒரே வருஷக் கணக்கு, இரண்டு இலக்கணம். டிசம்பர் 31 ராத்திரி இவர் கிடங்கில் பீப்பாய் எண்ணிக்கொண்டிருந்தார். வீட்டில் நானும் பிள்ளைகளும் புத்தாண்டுக் கோலம் போட்டு முடித்துத் தூங்கிவிட்டோம். விடியற்காலையில் கையில் ஒரு குறுந்தகட்டோடு வந்து, அதைச் சாமி மாடத்தில் வைத்துவிட்டுப் படுத்தார்.

அந்தப் பழக்கம் 2011இல் கைகொடுத்தது. டிசம்பர் 30 காலையில் தானே புயல் நமக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது உங்களுக்கு மறந்திருக்காது. பண்ருட்டிப் பக்கம் பலா, முந்திரி எல்லாம் வேரோடு போயின. ஆபீஸ் கூரைத் தகடு பறந்து, கம்ப்யூட்டர் மழையில் ஊறிவிட்டது. குறுந்தகடு எங்கள் சாமி மாடத்தில் குங்குமப் பொட்டோடு இருந்தது. கரண்ட் வரும்வரை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நாளேட்டைக் கையால் எழுதினார். உண்மையைச் சொன்னால், அந்த நாட்களில் அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்தது.

2013இல் ஓய்வு பெற்றார். அவரிடம் வேலை பழகிய என் மாணவன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தான்.

இப்போது 2017. எனக்கு மே 31 அன்று ஓய்வு. சரியாக ஒரு மாதம் கழித்து, ஜூன் 30 வெள்ளிக்கிழமை நள்ளிரவில், நாடாளுமன்ற மைய மண்டபத்தில் ஜி.எஸ்.டி.யைத் தொடங்கிவைத்தார்கள். டி.வி.யில் நாங்கள் பார்த்தோம். கலால் வரி, சேவை வரி, வாட், மத்திய விற்பனை வரி எல்லாம் ஒன்றாகிவிடும் என்றார்கள். மறுபடியும் ஆண்டின் நடுவில்! இவர் டி.வி.யைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

வரி அளவில் பெரிய வித்தியாசம் இல்லை என்று அவர் எனக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். 100 ரூபாய்ச் சரக்கு. கலால் 12.5 சதவீதம் சேர்த்தால் 112.50. அதன்மேல் 5 சதவீத வாட் விழும் சரக்கு என்றால் மொத்தம் 118.13. புது முறையில் மத்திய அரசுக்கு 9, மாநிலத்துக்கு 9, ஆக 118. பதிமூன்று காசு வித்தியாசம்தான். ஆனால் பில்லின் வடிவம், பொருளுக்கான எண், வாங்குபவரின் பதிவெண் எல்லாமே வேறு. 11 இலக்க எண் போய் 15 இலக்க எண் வந்தது. முதல் இரண்டு இலக்கம் மாநிலம், நமக்கு 33, புதுச்சேரிக்கு 34. முள்ளோடையைத் தாண்டிச் சரக்கு போனால் பில்லில் இரண்டு ஒன்பதுக்குப் பதில் ஒரே பதினெட்டு. பழைய மென்பொருளில் இதற்கெல்லாம் இடமே கிடையாது. புது வெர்ஷன் போட்டே ஆக வேண்டும்.

அன்று ராத்திரி ஆபீசில் நடந்ததை ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னான். பழைய கம்ப்யூட்டரில் புது வெர்ஷன் ஓடாது, அதைச் சுத்தமாக அழித்துப் புதிதாக விண்டோஸ் போட வேண்டும் என்று மெக்கானிக் சொல்லியிருக்கிறார். இவன் பென் டிரைவில் பேக்கப் போட்டான். பென் டிரைவ் நிறைந்துவிட்டது. திரையில் ஏதோ எச்சரிக்கை வந்திருக்கிறது, அப்போது கிடங்கிலிருந்து இருப்புக் கணக்கோடு ஆள் வந்து கூப்பிட்டதால் எண்டர் தட்டிவிட்டு எழுந்துபோனான். மெக்கானிக் அழித்தார். விடியற்காலை புது வெர்ஷன் அழகாக ஏறியது. பேக்கப்பைத் திறந்தால் கடைசித் தேதி மார்ச் 31. ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதம் இல்லை.

மென்பொருளைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. எச்சரிக்கை வந்தது, இவன் படிக்கவில்லை. ஆனால் மூன்று நாளாகத் தூங்காதவன் எதைப் படிப்பான்?

வெறும் மூன்று மாத பில் என்றால் மெதுவாக ஏற்றிக்கொள்ளலாம். சிக்கல் வேறு. ஜூன் 30 அன்று பழைய வரிகளில் கம்பெனிக்கு எவ்வளவு வரவு மீதி இருக்கிறதோ, அதை 'டிரான்-1' என்ற படிவத்தில் காட்டினால்தான் புது முறைக்குக் கொண்டுவர முடியும். காட்டாவிட்டால் அந்தப் பணம் போனது போனதுதான். அந்த யூனிட்டுக்கு அது நாலு லட்சத்துக்கு மேல். முதலாளி கோபத்தில் கத்தவில்லையாம். "எவ்வளவு குறையுதோ, உன் சம்பளத்துல மாசாமாசம் பிடிச்சுக்கறேன்" என்று அமைதியாகச் சொன்னாராம். அவனுக்கு அப்போது கைக்குழந்தை. "சார், எனக்கு பில் வாசிக்க மட்டும் ஒரு ஆள் வேணும்" என்று இவரிடம் கேட்டான். இவர் என்னைப் பார்த்தார். "உனக்குத்தான் ரிடையர்டு ஆகிட்டுதே" என்றார்.

பதினொரு ராத்திரி. ஆபீஸ் முடிந்ததும் பெட்டிக் கோப்புகளையும் மடிக்கணினியையும் ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு வருவான். நான் வாசிப்பேன், அவன் ஏற்றுவான், இவர் காகிதத்தில் டிக் அடித்துக் கூட்டல் போடுவார். தேதி, பில் எண், யாரிடம் வாங்கியது, விலை, கலால், வாட். வாசிக்கும்போது என் குரல் தானாகவே 'சொல்வதை எழுதுதல்' குரலாக மாறிவிட்டது என்று இவர் கேலி செய்தார். அவனும் ஐந்தாம் வகுப்புப் பையன் போல நிமிர்ந்து உட்கார்ந்தான். லாரி வாடகைச் சீட்டில் தேநீர்க் கறை, கார்பன் காப்பியில் எண் மங்கல். 3ஆ 8ஆ என்று டார்ச் அடித்துப் பார்த்தோம். ஒரு கட்டு பில் கிடைக்கவே இல்லை. விற்றவர்களிடமே நகல் கேட்டு, இரண்டு நாள் கழித்து வந்தது.

சரிபார்க்க ஒரு வழி இருந்தது. ஏப்ரல், மே மாத ரிட்டர்ன்கள் முன்பே தாக்கலாகியிருந்தன. அந்தத் தொகையோடு எங்கள் கூட்டல் ஒத்துப்போக வேண்டும். ஏப்ரல் ஒத்தது. மே மாதத்தில் 270 ரூபாய் இடித்தது. மணி 12 தாண்டிவிட்டது. அவன் தலையைப் பிடித்துக்கொண்டான். எனக்கு இங்கேதான் வாத்தியார் புத்தி வேலை செய்தது. 270ஐ ஒன்பதால் வகுத்தால் மீதி வராது. வித்தியாசம் ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால், பெரும்பாலும் அருகருகே உள்ள இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கும். உங்களுக்கெல்லாம் வகுப்பில் விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், நினைவிருக்கிறதா? ஏதாவது எண்ணைத் திருப்பிப் போட்டுக் கழித்துப் பாருங்கள் என்று. "நூறாம் இடத்தையும் பத்தாம் இடத்தையும் பாருடா, அந்த ரெண்டுக்கும் மூணு வித்தியாசம் இருக்கணும்" என்றேன். கால் மணி நேரத்தில் கிடைத்தது. 4,850ஐ 4,580 என்று ஏற்றியிருந்தான். நான்தான் தப்பாக வாசித்தேன் என்று அவன் சொல்கிறான். அவன்தான் தப்பாக ஏற்றினான் என்று நான் சொல்கிறேன். இன்றுவரை தீரவில்லை.

டிரான்-1 நேரத்தில் தாக்கலானது. சம்பளத்தில் பிடித்தம் இல்லை. அந்தத் தீபாவளிக்கு அவனுக்கு மட்டும் போனஸும் இல்லை. இவருக்கும் எனக்கும் முதலாளி ஒரு பெட்டி ஸ்வீட் கொடுத்தனுப்பினார். நான் அதைத் தொடவில்லை.

அந்தப் படிவத்தின் கடைசித் தேதி நீட்டிக்கப்பட்டு 2017 டிசம்பர் 27இல் முடிந்தது. இணையதளக் கோளாறாலும் தெரியாமையாலும் போட முடியாமல் போனவர்கள் நாடெங்கும் ஏராளம். பல உயர் நீதிமன்றங்களில் வழக்குகள் நடந்தன. கடைசியில் 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லி, அக்டோபர் 1 முதல் நவம்பர் 30 வரை இரண்டு மாதம் அதே படிவத்தை மறுபடி திறந்துவிட்டார்கள். ஐந்து வருஷத்துக்கு முந்தைய மீதியைக் காட்ட ஐந்து வருஷத்துக்கு முந்தைய ஏடு வேண்டும். அப்போது பல ஆபீசுகளில் பழைய வெர்ஷன் திறக்கும் கம்ப்யூட்டரே இல்லை. பக்கத்து யூனிட்காரர் ஒருவர், காகிதத்தில் அச்செடுத்து வைத்த பேரேடு இருந்ததால் தப்பித்தார். அவர் எங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லி, இவர் அதை ஊரெல்லாம் சொன்னார்.

அடுத்த வருஷம் இவருக்கு இன்னும் பெரிய சந்தோஷம். 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிச் சட்டத்தின் கீழ் வரும் நிறுவனங்களின் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியோடு பதிந்துவைக்க வேண்டும், அந்த வசதியை யாரும் அணைத்துவைக்கக் கூடாது என்று விதி வந்தது. யார் மாற்றினார், எப்போது மாற்றினார், முன்பு என்ன இருந்தது, எல்லாம் தெரியும். "பாத்தியா, கோடு போட்டுத் திருத்தற முறையை மறுபடி கொண்டுவந்துட்டான்!" என்று சில்வர் பீச்சில் நடைப்பயிற்சிக்கு வரும் அத்தனை பேரையும் நிறுத்திச் சொன்னார். முப்பது வருஷம் முன்பு என் பால் கணக்கில் அடித்த ஒற்றைக் கோடு!

செப்டம்பர் 21க்கு வருகிறேன். அவனுடைய செய்தியை இவரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "மூணையும் திறந்து பாத்தானான்னு கேளு" என்றார். கேட்டேன். இரண்டைத் திறந்து பார்த்துவிட்டதாகவும், மூன்றாவதைத் திறந்துகொண்டிருப்பதாகவும் பதில் வந்தது. இவர் படுக்கப் போகாமல் எனக்குப் பொம்மை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். செட்டியார் பொம்மையின் முன்னால் வைக்கும் சின்னக் கணக்குப்பிள்ளை பொம்மைக்குக் கை உடைந்திருந்தது, ஃபெவிகால் வைத்து ஒட்டினார்.

விடியற்காலை 4:20க்குக் குரல் பதிவு ஒன்று வந்தது. பின்னால் பிரின்டர் ஓடும் சத்தம். "டீச்சர், ஓப்பனிங் பேலன்ஸ் டேலி. முதல் பில்லும் போட்டாச்சு, புதுச்சேரிக்கு. சாரை எழுப்பாதீங்க."

அவர் எழுந்துதான் இருந்தார்.